பிள்ளை என்ற எழுத்து

வெள்ளவத்தை,
06.04.1988

அன்புள்ள அத்தான்,

நானும் சுபாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். உங்களுக்கு அந்த இருமல் விட்டதா? மல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். குடித்திருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து மூன்று மாதமாகிறது. டென்மார்க் கொன்சல் அலுவலகத்தில் கூப்பிடுகிற நேரம் பாதை பூட்டிக் கிடந்தால் என்ன செய்வது என்றுதானே முன்கூட்டியே வந்தோம். அவர்கள் கூப்பிடுவதாக இல்லை. அறை சின்னது. ஆனால் வீட்டுக்காரி மரியநாயகி அக்கா நல்ல மனுசி, மட்டக்களப்பு ஆள். சுபாவை மடியை விட்டு இறக்குவதில்லை. போன மாதம் பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்தது. இங்கே கேக் கிடைத்தது, ஆனால் மெழுகுதிரியை ஊதச் சொன்னால் கடித்துவிட்டாள்.

நீங்கள் சிரிக்கப்போகிற ஒரு செய்தி. நான் யப்பான் மொழி படிக்கிறேன். பக்கத்து ஒழுங்கையில் ஹமதா என்று ஒரு யப்பான் மனுசி பின்னேரங்களில் வகுப்பு வைக்கிறா. காசு இல்லை. மரியநாயகி அக்காதான் என்னைத் தள்ளிவிட்டவ. "சும்மா இருந்து யோசிச்சு யோசிச்சு விசர் பிடிக்கப்போகுது உனக்கு. போய் எதையெண்டாலும் படி பிள்ளை" என்றா. நீங்கள் அனுப்பிய டெனிஷ் கசட்டைப் படிக்கலாம் என்றால் ரேடியோப் பெட்டி நாடாவைத் தின்றுவிட்டது.

அத்தான், அந்த மொழியில் ஓர் எழுத்து இருக்கிறது. 生. நிலத்தைக் கீறிக்கொண்டு ஒரு முளை வருகிற மாதிரி. தனியே நின்றால் 'நம'. அதாவது பச்சையாக, வேகாமல். இன்னோர் இடத்தில் 'இ' என்று வாசித்தால் உயிரோடிருப்பது. 'உ' என்று வாசித்தால் பிறப்பது. வேறோர் எழுத்துக்குப் பின்னால் நின்றால் 'செய்'. ஆசிரியரைச் சென்செய் என்கிறார்களே, அதில் வருவது இதுதான். முன்னால் பிறந்தவர் என்று பொருளாம். நாங்கள் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தைப் படிக்கவே பாலர் வகுப்பில் அழுதோம். இங்கே ஓர் எழுத்துக்கே இத்தனை கோலம்.

ஒன்று கேட்க வேண்டும். இரத்தினசிங்கம் அண்ணையின் மனைவி போன வருடம் தையில் விண்ணப்பம் போட்டு ஆனியில் டென்மார்க் வந்து இறங்கிவிட்டா என்று எழுதினீர்கள். எங்களுடைய கடுதாசியும் தையில் ஆயத்தம்தான். அப்பாவின் ஆட்டைத் திவசம், அந்த முதல் வருடத்துக் கிரியை, முடியட்டும், அதுவரை பயண அலுவல் தொடங்க வேண்டாம் என்று நான் எழுதாமல் விட்டிருந்தால், நாங்களும் இப்போது அங்கே உங்களோடு இருப்போம் அல்லவா? ஆடியில் போட்டதற்குத்தான் ஒரு பதிலும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுபா இந்தக் கடிதத்தின் மேல் ஏறி இருக்கிறாள், அதனால் நிறுத்துகிறேன்.

உங்கள்
புஷ்பராணி

*

கிரின்ஸ்டெட்,
11.05.1988

அன்புள்ள ராணிக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு இருமல் விட்டுவிட்டது. மல்லி குடிக்கவில்லை என்பது உண்மை. நீரும் பிள்ளையும் சுகமாக இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

டெனிஷ் படியும் என்று கசட் அனுப்பினால் யப்பான் படிக்கிறீர். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொன்ன கதைதான். ஆனாலும் படியும். எங்களுடைய டெனிஷும் உம்முடைய யப்பானுக்குச் சளைத்ததில்லை. எழுதுவது முழுதாக இருக்கும், வாசிக்கும்போது பாதியை விழுங்கிவிடுவார்கள். சுடுகிழங்கை வாயில் வைத்துக்கொண்டு கதைக்கிற மாதிரி. போன கிழமை கடையில் பால் கேட்டேன். மூன்று தரம் கேட்டபிறகு அந்தப் பெண் தயிரைத் தூக்கித் தந்தாள். தயிரும் நல்லதுதான் என்று கொண்டுவந்துவிட்டேன்.

ஓர் எழுத்துக்கு அத்தனை வாசிப்பு இருந்தால், எந்த இடத்தில் எப்படி வாசிப்பது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதை எழுதும்.

விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டால் 'பரிசீலனையில் இருக்கிறது' என்ற ஒரே பதில். எங்களுக்கு மட்டுமில்லை. இரத்தினசிங்கம் அண்ணையின் மனைவிக்குப் பிறகு இந்தப் பக்கத்துத் தமிழ் ஆட்கள் ஒருவருக்கும் மனைவி பிள்ளைகள் வரவில்லை. "எங்கையோ கதவைச் சாத்திப்போட்டாங்கள் தம்பி" என்கிறார் அண்ணை. ஆட்டையைப் பற்றி இனி எழுத வேண்டாம். மாமாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தீர். சரி என்று எழுதியவன் நான்தானே.

மாரிக்கு முன்னம் வந்துவிடுவீர்கள் என்று என் மனம் சொல்கிறது. சுபாவுக்குப் பனிச்சப்பாத்து வாங்க வேண்டும். அவளுடைய காலை ஒரு தாளில் வைத்துச் சுற்றிக் கீறி அனுப்பும். இங்கே எல்லோரும் அப்படித்தான் அளவு எடுப்பிக்கிறார்கள். இரத்தினசிங்கம் அண்ணையின் அலுமாரிக்குள் ஒரு குடும்பத்தின் கால் முழுவதும் கிடந்தது.

நான் வேலை செய்கிற யன்னல் தொழிற்சாலையில் புதிய இயந்திரம் வந்திருக்கிறது. ஆட்குறைப்பு இல்லையாம். பயப்பட வேண்டாம்.

அன்புடன்,
குலேந்திரன்

*

வெள்ளவத்தை,
19.07.1988

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதம் வந்த நேரம் சுபாவுக்குச் சாதுவான தடிமன், இப்போது இல்லை. எனக்கும் ஒரு குறையும் இல்லை. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

கால் அளவு இதற்குள் இருக்கிறது. அந்தச் சின்ன விரல் கோணலாய்ப் போனதற்குக் காரணம் பென்சில் பட்டதும் அவளுக்குக் கூசியதுதான். காலை இழுத்துவிட்டுச் சிரிக்கிறாள், பிறகு தானே தாளில் காலை வைத்து "இன்னுமொருக்கா" என்கிறாள். மரியநாயகி அக்கா கணுக்காலைப் பிடித்துக்கொண்டபடியால் இந்த மட்டுக்கு வந்தது.

வகுப்புக்கு அவளையும் கொண்டுபோகிறேன். சென்செய் ஏதாவது கேட்டால் நாங்கள் எல்லோரும் 'ஹாய்' என்போம். அவர்களுக்கு அது ஓம். இப்போது இவள் ஓம் என்பதையே விட்டுவிட்டாள். "சோறு வேணுமோ?" என்றால் ஹாய். "அப்பாட்டைப் போவமோ?" என்றாலும் ஹாய். மரியநாயகி அக்கா செபம் சொல்லி முடித்தால் ஆமென் சொல்ல வேண்டிய இடத்திலும் ஹாய்.

எப்படி வாசிப்பது என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்தில் நிற்கிற எழுத்தைப் பார்த்துத்தான். தனியே நின்றால் ஒரு சத்தம், துணையோடு நின்றால் வேறு சத்தம். சில நேரம் துணையோடு நின்றாலும் ஒரே சொல்லை மூன்று விதமாக வாசிக்கலாம். நாளை என்ற சொல் அப்படி. 明日. சாதாரணமாக 'அஷித', கொஞ்சம் மரியாதையாக 'அசு', அலுவலகத்தில் 'ம்யோநிச்சி'. எந்த நாளை சொல்லுகிறார்கள் என்று ஆளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுடைய விண்ணப்பத்துக்குச் சொல்கிற நாளை எந்த வாசிப்போ தெரியவில்லை.

சப்பாத்துச் சிவப்பு நிறத்தில் கிடைத்தால் நல்லது. அவளுக்குச் சிவப்புத்தான் பிடிக்கும்.

உங்கள்
புஷ்பராணி

*

கிரின்ஸ்டெட்,
16.11.1988

அன்புள்ள ராணிக்கு,

கன நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீரும் சுபாவும் சுகமா? கொழும்பில் கடையடைப்பு, வாகனம் ஓடாது, ஊரடங்கு என்றெல்லாம் கேள்விப்படுகிறோம். தேவையில்லாமல் வெளியே போக வேண்டாம்.

சிவப்புச் சப்பாத்து வாங்கியாகிவிட்டது. உள்ளே மயிர் வைத்தது. கடைக்காரனிடம் தாளைக் கொடுத்தேன். அவன் சப்பாத்தைத் தாளின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை வளரும், ஒரு விரல்கடை இடம் இருக்கட்டும் என்று பெரிதாகத் தந்தான்.

என்னோடு அறையில் இருக்கிற நித்தியானந்தனை உமக்கு எழுதியிருக்கிறேன், கரவெட்டிப் பொடியன். அவனுடைய தாய் மோசம் போன செய்தி புரட்டாதியில் வந்தது. அன்றிலிருந்து வேலைக்குப் போவதில்லை. கட்டிலை விட்டு எழும்புவதில்லை. சுவரைப் பார்த்தபடி கிடக்கிறான். கொமூன் என்கிற நகரசபை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து கதைத்தாள், அவளையும் அவன் பார்க்கவில்லை. நான் சோற்றைக் கரைத்துப் பருக்குகிறேன். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது ராணி. வெளியே தெருவில் ஒரு மனிதரும் இல்லை. அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கும் பயமாக இருக்கிறது. எனக்கு ஏதாவது என்றால் நானும் இப்படித்தான் விழுவேன் என்று தெரிகிறது.

ஆனபடியால் ஒரு உதவி செய்யும். இந்த மாரி முடியும்வரை எனக்கு நல்லதை மட்டும் எழுதும். ஊரில் என்ன நடந்தாலும் பிறகு கேட்கிறேன். சுபா என்ன கதைத்தாள், எதைக் கடித்தாள், எதற்கு ஹாய் சொன்னாள், அது போதும். அதை வைத்துக்கொண்டு இழுத்துவிடுவேன்.

அன்புடன்,
குலேந்திரன்

*

வெள்ளவத்தை,
22.12.1988

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே சுகம். சுபாவும் சுகம். தபால் ஒழுங்காக ஓடவில்லை, அதனால் பிந்தினால் யோசிக்க வேண்டாம்.

நித்தியானந்தன் தம்பிக்குச் சோறு கொடுப்பதை விட்டுவிடாதீர்கள்.

வகுப்பில் இந்தக் கிழமை வந்த எழுத்து 子. பிள்ளை என்று பொருள். தனியே நின்றால் 'கோ'. மற்ற இடங்களில் 'ஷி' என்றும் 'சு' என்றும் வாசிக்க வேண்டும். யப்பான் ஆட்கள் பெண் பிள்ளைகளின் பெயர் முடிவில் இதைத்தான் வைக்கிறார்கள். எலியாண்டு என்று அவர்களுக்கு ஒரு வருடம் உண்டு, அங்கே எலிக்கும் இதே எழுத்து.

ஆனால் நாற்காலி என்று எழுதுவதற்கும் இந்த எழுத்து வேண்டும். தொப்பி என்று எழுதவும் வேண்டும். இனிப்புக்கும் வேண்டும். நாற்காலிக்குள் பிள்ளை எப்படி வந்தது என்று சென்செய்யிடம் கேட்டேன். அங்கே அதற்கு ஒரு பொருளும் இல்லை, சும்மா கூட நிற்கிறது என்றா. இப்போது எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் என் கண்ணுக்கு அந்த எழுத்துத்தான் முதலில் தெரிகிறது. பிஸ்கற் பெட்டியில் இருக்கிறது. வகுப்பறைச் சுவரில் ஒட்டின விளம்பரத்தில் இருக்கிறது. நான் அதைப் பத்துத் தரம் எழுத வேண்டும் என்று சென்செய் சொன்னா. ஒரு கொப்பி முழுவதும் எழுதினேன்.

சாப்பிடுங்கள் அத்தான். சூடாகச் சாப்பிடுங்கள்.

உங்கள்
புஷ்பராணி

*

கிரின்ஸ்டெட்,
27.03.1989

அன்புள்ள ராணிக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். பனி கரையத் தொடங்கிவிட்டது.

முதலில் செய்தி. இங்கே பத்திரிகை, ரேடியோ எல்லாம் எங்களுடைய கதைதான். தமிழ் ஆட்களின் விண்ணப்பங்களை மேலிடத்தில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டு வைத்திருந்தார்களாம். சட்டப்படி வர உரிமை உள்ளவர்களையே மறித்திருக்கிறார்கள். இப்போது அது பிழை என்று வெளியே வந்து, கோப்புகளைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில், ஹ்விடோவ்ரேயில், இரண்டு குடும்பத்துக்குச் சரிவந்துவிட்டது. இனி எங்களுடைய முறை.

சுபாவின் மூன்றாவது பிறந்தநாளை நாங்கள் இங்கே கொண்டாடினோம். பேக்கரியில் பெயர் எழுதிக் கேக் வாங்கினேன். இவர்களுடைய வழக்கப்படி மேசையில் சின்னக் கொடி நட்டு வைத்தோம். எட்டுப் பொடியள் வந்தார்கள். நித்தியானந்தன் தானாக எழும்பி, முகம் கழுவி வந்து கைதட்டினான். "பிள்ளை வந்தா நான்தான் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு திரிவன்" என்றான். மெழுகுதிரியை நான் ஊதினேன், கடிக்கவில்லை.

இப்போது சண்டைக்கு வருகிறேன். மார்கழியில் ஒரு கடிதம், மாசியில் ஒரு கடிதம். இரண்டிலும் யப்பான் எழுத்துத்தான். நாற்காலிக்குள் பிள்ளை நிற்பது பெரிய அதிசயமா? எங்களிடம் இல்லையா, அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை? எனக்கு அந்தப் பிள்ளை எல்லாம் வேண்டாம். என் பிள்ளையைப் பற்றி நாலு வரி எழுதும். வசனமாகக் கதைக்கிறாளா? என்னைப் பற்றிக் கேட்கிறாளா? போன ஆடிக்குப் பிறகு ஒரு படமும் வரவில்லை.

சப்பாத்தை மாற்றித் தருவதாகக் கடைக்காரன் சொன்னான். புதிதாகக் கால் அளவு எடுத்து அனுப்பும்.

அன்புடன்,
குலேந்திரன்

*

வெள்ளவத்தை,
20.04.1989

அன்புள்ள அத்தான்,

இங்கே சுகம். உங்கள் சுகத்துக்கு நாளும் வேண்டிக்கொள்கிறேன்.

நித்தியானந்தன் தம்பி எழும்பிவிட்டது மிகவும் சந்தோசம். கேக் வெட்டியதும் நல்லது.

சுபா எல்லாவற்றுக்கும் ஹாய்தான். சிவப்பு என்றால் விடமாட்டாள். மரியநாயகி அக்காவின் மடியை விட்டு இறங்க மாட்டாள்.

எனக்கு ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை கிடைத்திருக்கிறது. யப்பான் கடிதங்களைப் பிரித்து வைக்க வேண்டும். வேலை முடிந்து வந்தால் அலுப்பு, அதனால் கடிதம் குறுகிவிடுகிறது. குறை நினைக்க வேண்டாம்.

கால் அளவு இதற்குள் இருக்கிறது.

உங்கள்
புஷ்பராணி

*

கிரின்ஸ்டெட்,
30.05.1989

அன்புள்ள ராணிக்கு,

வந்துவிட்டது. புஷ்பராணி, சுபாஜினி, இரண்டு பெயருக்கும் அனுமதி. கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்துவிட்டு, டெனிஷை நம்பாமல் இரத்தினசிங்கம் அண்ணையிடம் ஓடினேன். அவர் வாசித்துவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார், அவருக்கு நாரி பிடித்து இடுப்புக்கு இப்போது எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கொன்சல் அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டார்களாம். உம்முடைய பாஸ்போட்டில் பிள்ளையையும் சேர்த்திருக்கிறீர்தானே? இருவரும் நேரில் போக வேண்டும்.

வீடு பார்த்துவிட்டேன். இரண்டு அறை, யன்னல் எங்களுடைய தொழிற்சாலையில் செய்தது.

ஒரு சின்ன யோசனை. நீர் அனுப்பின காலையும் முந்தின காலையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு நூல் வித்தியாசமும் இல்லை. இந்த வயதுப் பிள்ளைக்கு வருடத்தில் இரண்டு அளவாவது ஏறும் என்று இரத்தினசிங்கம் அண்ணையின் மனைவி சொல்கிறா. சுபா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? கூழும் சோறும் மட்டும் கொடுக்கிறீரா? மீன் கொடும், முட்டை கொடும். ஒரு டொக்டரிடம் கட்டாயம் காட்டும். என்னிடம் மறைக்க வேண்டாம். இங்கே வந்தால் எல்லாம் சரிப்படுத்தலாம்.

எப்போது வருகிறீர்கள்? நாளை மட்டும் எழுதும், மற்றதெல்லாம் நேரில்.

அன்புடன்,
குலேந்திரன்

*

வெள்ளவத்தை,
04.07.1989

அத்தான்,

இதைத் தனியே இருந்து வாசிக்க வேண்டாம். இரத்தினசிங்கம் அண்ணையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். சுகம் கேட்டு எழுத இன்று எனக்குக் கை வரவில்லை.

சுபா இல்லை. போன கார்த்திகையில் செத்துப்போனாள்.

காய்ச்சல்தான். முதல் நாள் மருந்து கொடுக்க விட்டது. அடுத்த நாள் திரும்பப் பிடித்து, பின்னேரம் வலி வந்து கைகால் இழுத்தது. ஊர் முழுக்கக் கடையடைப்பு. ஒரு வாகனமும் இல்லை. மரியநாயகி அக்கா வீடு வீடாகக் கதவைத் தட்டி ஒரு வான் பிடித்து வந்தா. ஆஸ்பத்திரியில் டொக்டர்மார் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். "நேரத்தோட கொண்டந்திருக்க வேணும் அம்மா" என்றார் ஒருவர். விடியக் காலமை போய்விட்டாள். சின்னப் பிள்ளை என்று கிரியை ஒன்றும் செய்யாமல் கனத்தை மயானத்தில் தாட்டார்கள்.

உங்களுக்கு எழுதப் பேனையை எடுப்பேன், வைப்பேன். அப்படி இருக்கும்போது உங்கள் கடிதம் வந்தது. நல்லதை மட்டும் எழுதும், இல்லாவிட்டால் விழுந்துவிடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் குளிரில் உங்களுக்குச் சோறு பருக்க ஆர் இருக்கிறார்கள்? மாரி முடியட்டும் என்று நினைத்தேன். சுபாவும் சுகம் என்று இரண்டு சொல் எழுதினேன். எழுதின நேரம் அவள் அறைக்குள் எங்கோ இருக்கிற மாதிரி இருந்தது அத்தான். மாரி முடிந்தது. எனக்கு அதை விட மனம் வரவில்லை. உங்களிடத்தில் அவளுக்கு மூன்று வயதாகிவிட்டது. கேக் வெட்டினீர்கள். நான் சொன்னால் அங்கேயும் அவள் செத்துப்போவாள்.

இரண்டாவது கால் அளவு அவளுடைய செருப்பைத் தாளில் வைத்துக் கீறினது. விரல்களை நான் போட்டேன்.

தமிழில் ஒருவருக்கும் நான் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மரியநாயகி அக்காவுக்குச் சொல்லத் தேவையில்லை, அவவும் நின்றவதானே. அம்மாவுக்கு எழுதினதும் அவதான். வகுப்பில் சென்செய், சின்னவள் எங்கே என்று கேட்டா. யப்பானில் சொன்னேன். அன்றுதான் கவனித்தேன். எத்தனையோ எழுத்துக்கு நாலைந்து வாசிப்புப் படித்தேன். சாவு என்ற எழுத்துக்கு மட்டும் ஒரே சத்தம்தான். தனியே நின்றாலும் துணையோடு நின்றாலும் 'ஷி'. சென்செய் புத்தகத்தை மூடிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தா.

அப்பாவின் ஆட்டைக்காக நான் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடாவிட்டால் அவள் அங்கே இருந்திருப்பாள். இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம்.

கொன்சல் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. இருவரையும் வரச் சொல்லி. இரண்டு பெயருக்கு வந்ததை எடுத்துக்கொண்டு ஒருத்தியாக அந்தப் படியில் ஏற என்னால் முடியாது. நான் வரவில்லை அத்தான். என்னை விட்டுவிடுங்கள்.

புஷ்பராணி

*

கிரின்ஸ்டெட்,
21.07.1989

புஷ்பராணிக்கு,

உம்முடைய அப்பாவுக்காக நான் ஆறு மாதம் பொறுத்தேன். என் பிள்ளைக்காக ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இருக்க நீர் என்னை விடவில்லை.

அவள் மண்ணுக்குள் இருக்கும்போது நான் அவளுடைய பெயரை எழுதிக் கேக் வெட்டினேன். பொடியள் கைதட்டினார்கள். நான் சிரித்தேன். நீர் 'நல்லது' என்று எழுதினீர்.

வருவதும் வராததும் உம்முடைய விருப்பம்.

குலேந்திரன்

*

கிரின்ஸ்டெட்,
17.09.1989

அன்புள்ள ராணி,

நீர் பதில் போடவில்லை. போடக்கூடிய கடிதமா நான் எழுதினேன்? அந்த ஆட்டைக் கதையை எழுதினதற்கு என் கையை வெட்ட வேண்டும். அது உம்முடைய பிழையில்லை. கதவைச் சாத்தினது வேறு ஆட்கள். அவர்கள் சாத்தாவிட்டால் ஆடியில் போட்டாலும் மார்கழியில் வந்திருப்பீர்கள். உம்முடைய உடம்பு எப்படி இருக்கிறது? மரியநாயகி அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லும்.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்று சொல்கிறேன். அனுமதி வந்த கிழமையே நான் இங்கே பேர்னஹேவவில் சுபாவுக்கு இடம் எழுதி வைத்திருந்தேன். சின்னப் பிள்ளைகளைப் பகலில் விடுகிற இடம். போன திங்கட்கிழமை தெருவில் அந்த ஆசிரியை என்னைக் கண்டு மறித்தாள். உள்ளே கூட்டிப்போய் ஒன்று காட்டினாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சட்டை கொழுவ ஒரு கொக்கி, அதன் மேல் பெயரும் ஒரு படமும். சுபாவுக்கு ஒரு முள்ளம்பன்றிப் படம். பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். "எப்போது வருகிறாள்?" என்று கேட்டாள்.

எனக்கு அந்தச் சொல் டெனிஷில் தெரியும் ராணி. சின்னச் சொல். வாயைத் திறந்தேன். "வரக் கொஞ்சம் சுணங்கும்" என்று சொன்னேன். "பரவாயில்லை, கொக்கி இருக்கும்" என்றாள். அப்போது எனக்கு ஒரு சந்தோசம் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. நீர் அந்த அறைக்குள் இருந்து என்ன செய்தீர் என்று எனக்கு அந்தக் கொக்கியடியில்தான் விளங்கியது.

இன்னொன்று இருக்கிறது. நித்தியானந்தன் அழுதான். இரத்தினசிங்கம் அண்ணையும் மனைவியும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சமைக்கிறேன். அவள் பிறக்க முன்னமே இங்கே வந்துவிட்டேன், நான் அவளை ஒருநாளும் தூக்கவில்லை. நாலு படமும் உம்முடைய கடிதங்களும் தவிர எனக்கு அவளைத் தெரியாது. தூக்காத பிள்ளைக்கு எப்படி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அனுமதி உம்முடைய பெயருக்கு இன்னும் இருக்கிறது. விசாரித்துவிட்டேன். கொன்சல் அலுவலகத்துக்குத் தனியே போக வேண்டாம், மரியநாயகி அக்காவைக் கூட்டிக்கொண்டு போம். அங்கே கேட்டால் நீர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, அவ சொல்லுவா.

வாரும் ராணி. வந்து, தூக்கினால் அவள் எவ்வளவு பாரம் என்று சொல்லும். தலை என்ன மணம், நித்திரையாகும்போது எந்தப் பக்கம் சரிவாள், கோபம் வந்தால் என்ன செய்வாள் என்று சொல்லும். நல்லதை மட்டும் சொல்ல வேண்டாம், அந்தக் கடைசி இரவையும் சொல்லும். நீர் சொல்லச் சொல்ல நான் அழுவேன். எனக்கு அழ வேண்டும்.

உம்முடைய
குலேந்திரன்